மெடிக்கலில் மருந்து மாறிப்போவது ஏன், தடுப்பது எப்படி?

மெடிக்கல் ஷாப்பில் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று அடிக்கடி கேள்விப்படுகிறோமே, அது ஏன் நடக்கிறது, நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு கடையில் 19 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். என் கையாலேயே ஒருமுறை மாறிப்போயிருக்கிறது. அதை வைத்தே சொல்கிறேன்.

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகிற ஒரு ஆயா. விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. முடக்குவாதம் என்று டாக்டர் மெத்தோட்ரெக்சேட் எழுதியிருந்தார், வாரத்தில் ஒரே ஒரு நாள். மற்ற ஆறு நாளும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை. இரண்டுமே மஞ்சளாக, சின்னஞ்சிறு மாத்திரைகள். சாயங்காலம் ஏழு மணிக் கூட்டம். மலைக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிடக் கூடாதென்று அவருக்கு அவசரம், அந்த அவசரம் எனக்கும் தொற்றிக்கொண்டது. போன் வேறு அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு கவரிலும் சரியாகத்தான் எழுதினேன். மாத்திரையைப் போடும்போது கவர் மாறிவிட்டது.

ஒன்பதாம் நாள் வந்து நின்றார். "வாயெல்லாம் புண்ணு சாமி, கஞ்சிகூட எறங்க மாட்டேங்குது" என்றார். கவரைப் பிரித்துப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. வாரம் ஒருமுறை போட வேண்டியதை வாரத்தில் ஆறு நாள் போட்டிருக்கிறார். மெத்தோட்ரெக்சேட் அளவு மீறினால் வாய்ப்புண்ணோடு நிற்காது. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உண்டாவதையே குறைத்துவிடும், உயிருக்கே ஆபத்து. உடனே டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்து வந்தார். தப்பு என்னுடையது என்று அவர் மகனிடமும் சொன்னேன். அதைச் சொல்லாமல் மறைத்திருந்தால் டாக்டர் வேறு எதற்கோ வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

கவனக்குறைவு என்று ஒரே வார்த்தையில் இதை முடித்துவிட்டால், அதே தவறு நாளைக்கு இன்னொருவர் கையில் நடக்கும். நான் கவனமாக இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரே மாதிரி இரண்டு மாத்திரை, ஒரே மாதிரி இரண்டு கவர், சரிபார்க்க இன்னொரு ஆள் இல்லை. இவை மூன்றும் அதற்கு முன்பும் எங்கள் கடையில் இருந்தவைதான்.

பெயர்க் குழப்பம் இதைவிடப் பெரியது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், வயிற்றுப்போக்குக்கும் பல் சீழுக்கும் மெட்ரோனிடசோல். எழுத்து வரிசையில் அடுக்கினால் இரண்டும் ஒரே தட்டில் வரும். சீட்டில் 'மெட்' என்று எழுதிவிட்டு, அதற்குப் பிறகு ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தால் என்ன செய்வது? மருந்துப் பெயரைப் புரியும்படி, முடிந்தவரை ஆங்கிலக் கேப்பிட்டல் எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதி கொண்டுவந்தது. இன்றும் கோடுதான் வருகிறது. யூகித்துக் கொடுக்கக் கூடாது, போன் போட்டுக் கேட்க வேண்டும். டாக்டர் எரிந்து விழுந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், வீட்டில் யாருக்காவது இன்சுலின் போடுகிறீர்கள் என்றால் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் கிடைக்கும், 100 யூனிட் உள்ளதும் கிடைக்கும். 40-க்குச் சிவப்பு மூடி ஊசி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடம்புக்குள் போய்விடும். குழந்தைகளின் பாராசிட்டமாலும் இப்படித்தான். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250 மி.கி. இருக்கும். சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 மி.கி. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால், பெரியவர்கள் போடும் 500 மாத்திரை முழுசாகக் குழந்தைக்குப் போன கணக்கு.

மருந்தாளுநர் பார்வையில்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சில கடைகளில் சான்றிதழ் மட்டும் சுவரில் இருக்கும், கவுண்டரில் நேற்றுச் சேர்ந்த பையன் நிற்பான். நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்: "பார்மசிஸ்ட் யாருங்க?" இதில் தயக்கமே வேண்டாம்.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் சிலவற்றை மாற்றினோம். மெத்தோட்ரெக்சேட் தனி டப்பாவில் இருக்கிறது. கவரில் "வாரம் ஒன்று" என்று எழுதுவதில்லை, "செவ்வாய்க்கிழமை மட்டும்" என்று கிழமையைக் கேட்டு எழுதுகிறோம். ஒருவர் எடுத்ததை இன்னொருவர் சீட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் பில். கொடுக்கும்போது "இது எதுக்குன்னு டாக்டர் சொன்னாரு?" என்று கேட்கிறேன். சர்க்கரை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்க, "வயித்தால போகுதுங்க" என்று பதில் வந்த நாட்கள் உண்டு. பத்து நொடிகூட ஆகாத கேள்வி.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: அட்டையை வெட்டிக் கொடுத்தால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் உங்களிடம் வருகிறதா பாருங்கள். போன மாதம் வாங்கிய அட்டையைக் கொண்டுவாருங்கள். நிறமோ வடிவமோ மாறியிருந்தால், "வேற கம்பெனிங்க, அதே மருந்துதான்" என்பதோடு விடாதீர்கள்; உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மாறித்தான் போய்விட்டது, போட்டும் விட்டீர்கள் என்றால் முதலில் கடையோடு சண்டைக்குப் போகாதீர்கள். அட்டை, கவர், சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போங்கள். மயக்கம், அதிக வியர்வை, மூச்சு முட்டல் இருந்தால் 108-ஐ அழையுங்கள். எத்தனை மாத்திரை, எந்த மணிக்குப் போட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.