மகன் எழுத்துப் பிழை விடுகிறான்: பொனிக்ஸ் வகுப்பில் சேர்க்கலாமா?

கேள்வி: மகன் தரம் 3 படிக்கிறான். வாசிப்பு பரவாயில்லை. சொல்வதெழுதல் என்றால் ‘கன்டேன்’, ‘பண்றி’, ‘பயிற்ச்சி’, ‘பறந்தன்’ என்று எழுதுகிறான். மூன்று மாதம் பொனிக்ஸ் வகுப்புக்கு விட்டால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து திருந்தும் என்று ஒருவர் வீடு வீடாக வந்து சொல்கிறார். அட்டைப்பெட்டியும் சான்றிதழும் உண்டாம், காசு முழுவதும் முதலிலேயே கட்ட வேண்டுமாம். சேர்க்கலாமா? (மல்லாவியிலிருந்து ஒரு தாய்)

பதில்: சேர்க்க வேண்டாம்.

பொனிக்ஸ், அதாவது எழுத்துக்குரிய ஒலியைச் சொல்லி வாசிக்கப் பழக்கும் முறை, ஆங்கிலம் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு நல்லது. 26 எழுத்தை வைத்து ஏறத்தாழ 44 ஒலிகளைக் காட்டும் மொழி அது; அங்கே ஒலியைப் பிரித்துச் சேர்க்கப் பழக்கத்தான் வேண்டும். உங்கள் மகனுக்கு ஒலி தெரியும், அதனால்தான் வாசிக்கிறான். ஒன்றுபோலக் கேட்கும் எழுத்துகளில் எதைப் போடுவது என்பதுதான் அவன் சிக்கல். நீங்கள் எழுதிய நாலு பிழையில் மூன்றுக்குப் பக்கத்து எழுத்தே விடை சொல்லும்.

ட வந்தால் அதற்கு முன் ண். ற வந்தால் முன் ன். த வந்தால் முன் ந். கண்டேன், பன்றி, பந்து. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பழைய பெயர்களைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்; எந்த எழுத்தோடு எது சேரும் என்பது அந்தப் பெயர்களுக்குள்ளேயே இருக்கிறது. ‘பண்றி’ எங்கிருந்து வந்தது தெரியுமா? வீட்டில் பண்டி, ஒண்டு, மூண்டு என்றுதானே பேசுகிறோம். காது ண் என்கிறது, புத்தகத்தில் பார்த்த ற நினைவில் நிற்கிறது, கை இரண்டையும் சேர்த்து எழுதிவிடுகிறது. காதைத் தீட்டுகிற வகுப்பு இந்தப் பிழையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

காது உதவும் இடமும் உண்டு. பத்து, பற்று, பட்டு என்று மெதுவாகச் சொல்லச் சொல்லி, நாக்கு எங்கே தொடுகிறது என்று கேளுங்கள். பத்துக்குப் பல்லில், பற்றுக்குப் பல்லுக்கு மேலே முரசில், பட்டுக்கு மடிந்து அண்ணத்தில். எங்கள் பக்கத்துப் பேச்சில் இந்த மூன்றும் இன்னும் தனித்தனியாகவே ஒலிக்கின்றன. ஆகவே ற்ற, ட்ட குழப்பத்தை இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடலாம்.

‘பயிற்ச்சி’ பிழை. ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளியெழுத்து வராது: பயிற்சி, முயற்சி, காட்சி. ர், ழ் என்றால் வரும்: வளர்ச்சி, மகிழ்ச்சி. அந்த முகவரின் கையேட்டை வாங்கிப் புரட்டுங்கள். அதில் ‘முயற்ச்சி’ என்று அச்சிட்டிருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. அட்டைகளில் உள்ள தமிழ்ச் சொற்களை ஆர் தெரிவுசெய்தது, மாதாமாதம் கட்டலாமா, முதல் வகுப்பில் பக்கத்தில் இருந்து பார்க்கலாமா என்றும் கேளுங்கள். முழுக் காசையும் முன்கூட்டிக் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சான்றிதழுக்குப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பெறுமதியும் இல்லை.

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும், வன்னிப் பிள்ளைக்கு அது தினமும் எதிர்ப்படும். சொல்லின் தொடக்கத்தில் ந, நடுவில் ன அல்லது ண என்று ஆசிரியர் சொல்லியிருப்பார். பிறகு பூநகரி, கிளிநொச்சி என்று பஸ்ஸில் பார்த்தால் பிள்ளை மிரளும். இரண்டு சொல் சேர்ந்தால், இரண்டாவது சொல்லின் முதல் ந அப்படியே நிற்கும்: பூ, நகரி, கிளி, நொச்சி. செந்நெல், வெந்நீர், முந்நூறு எல்லாம் இந்த வகை. ஆனால் தண்ணீர் அப்படியில்லை. முன்னால் ண் நிற்பதால் நீரின் ந-வும் ண-வாக மாறிவிட்டது. சேர்ந்த சொல்லா என்று பிரித்துப் பார்க்கப் பழக்குங்கள், பிறகு தண்ணீரைத் தனியாக மனனம் செய்யட்டும்.

தனி ர, ற-வுக்கும் ல, ள, ழ-வுக்கும் பெரிதாக விதி இல்லை, கண்ணால் பழகவேண்டும். பரந்தனை ‘பறந்தன்’ என்று எழுதியது இந்த வகைப் பிழை. பன்மையின் ‘கள்’ எப்போதும் ள். இரட்டித்தால் ழ வராது. சொல் ற்-இல் முடியாது. ஊர்ப்பெயர்களை வைத்துப் பழக்குங்கள்: பரந்தன், முறிகண்டி, இரணைமடு, வற்றாப்பளை, முள்ளியவளை, முழங்காவில். ஒன்றுபோலக் கேட்டு மயக்கும் எழுத்துகள், அதாவது மயங்கெழுத்துகள், எல்லாம் இவற்றுக்குள் அடங்கும். கடைப்பலகையை மட்டும் நம்பாதீர்கள். ‘ரொபி’, ‘ரின்மீன்’, ‘ரயர்’ என்று அங்கே ர எழுதி ஆங்கில t ஒலியில் வாசிக்கிறோம். ‘மரம்’ படித்த பிள்ளை அதில் தடுமாறும். அவை வேற்றுமொழிச் சொற்கள் என்று சொல்லிவிட்டால் போதும்.

நாளுக்கு ஐந்து சொல், பத்து நிமிடம். கொப்பியின் தாளை நெடுக்காக மடித்து இடப்பக்கம் நீங்கள் எழுதுங்கள். அவன் பார்த்து, சொல்லி, மயங்கெழுத்தின் கீழ் கோடு போடட்டும். தாளைத் திருப்பி மறைத்து எழுதட்டும். பிறகு எழுத்தெழுத்தாகத் தானே ஒப்பிட்டுத் திருத்தட்டும். அழிறப்பர் வேண்டாம், பிழையை ஒரு கோட்டால் வெட்டிச் சரியானதைப் பக்கத்தில் எழுதினால், எங்கே சறுக்குகிறான் என்பது உங்களுக்கும் தெரியும். அதே ஐந்தை மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் கேளுங்கள். இருபது தரம் எழுத விடாதீர்கள். மூன்றாவது வரியிலிருந்து பிள்ளை மேல்வரியைப் பார்த்துத்தான் எழுதும். அதில் பிழை இருந்தால் பிழையையே பதினெட்டுத் தரம் பழகும்.

தரம் 3 பிள்ளைக்கே தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் மாதிரித் தாள் கொடுத்துக் கோடு போடப் பழக்குகிறார்கள். சரியான விடையின் கீழ் கோடு போடுகிற பிள்ளைக்குச் சொல்லை எழுதிப் பார்க்க நேரம் எங்கே? சொல்வதெழுதல் கொப்பியில் சிவப்பு வட்டம் போட்டு ‘கவனம்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தால் பிள்ளை எதைக் கவனிக்கும்? எது பிழை, ஏன் பிழை என்று ஒரு வரி எழுதித் தரும்படி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கரும்பலகையைப் பார்த்து எழுதும்போதும் பிழை விடுகிறானா என்று பாருங்கள். விட்டால் முதலில் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டுங்கள்.