பரங்கியும் ஒரு சொல் விடையும்

அன்புள்ள அம்மா,

ஒஹையோவில் கொலம்பஸ் நகரில் இருக்கிறேன். எங்கள் தமிழ்ப் பள்ளியில் அக்டோபர் கடைசியில் பிள்ளைகளுக்கு இலையுதிர் காலம் பற்றி ஒரு வினாடி வினா வைக்கிறோம். பண்டிகை, சாப்பாடு, சினிமா – தொலைக்காட்சி என்று மூன்று சுற்று, மொத்தம் இருபது கேள்வி. விடை ஒரே சொல்லில் இருக்க வேண்டும். சில கேள்விகளை அனுப்பியிருக்கிறேன். இலை ஏன் மஞ்சளாகிறது? நன்றி நவிலல் நாளை (தாங்க்ஸ்கிவிங்) அறிவித்த அதிபர் யார்? பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டே என்ற காபி எந்த ஆண்டு வந்தது? ஹாலோவீனுக்குச் செதுக்கும் காய் எது (விடை: பூசணிக்காய்)? சினிமாச் சுற்றுக்குத்தான் கேள்வி போதவில்லை. இரண்டு மூன்று சொல்லி உதவ முடியுமா? ஒன்பது வயது மகன், "நம்ம ஊருக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்காப்பா?" என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

– ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு முறம் பரங்கி விதை காய்ந்துகொண்டிருந்தது. அதனால்தான் இந்தப் பதில். வினாடி வினாவுக்குக் கேள்வி கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் வழக்கமாகப் பதில் போடுவதில்லை.

சின்னவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். லாட்டே 2003. அதில் மணப்பது பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சி. பம்ப்கின் என்றால் பரங்கி; பரங்கியில் செய்யும் 'பை' (pie) என்ற இனிப்புக்குப் போடும் மசாலா என்பதால் அந்தப் பெயர். அதிபர் லிங்கன், 1863. ஆனால் லிங்கனை எல்லோரும்தான் கேட்கிறார்கள். அந்த நாளுக்காகப் பல ஆண்டுகள் தலையங்கம் எழுதி, ஒவ்வொரு அதிபருக்கும் விடாமல் கடிதம் போட்டவர் சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை. உங்கள் பிள்ளைகள் மழலை வகுப்பில் பாடிய மேரியின் ஆட்டுக்குட்டிப் பாட்டை எழுதியவரும் அவர்தான். அவரைக் கேளுங்கள். சினிமாவுக்கு, 1966இல் தொலைக்காட்சியில் வந்த சார்லி பிரவுன் ஹாலோவீன் படத்தில் லைனஸ் என்ற சிறுவன் ராத்திரி முழுக்கத் தோட்டத்தில் யாருக்காகக் காத்திருக்கிறான் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சுற்றுக்கு என்னிடம் அவ்வளவுதான்.

இலைக் கேள்விக்கு நீங்கள் என்ன விடை வைத்திருக்கிறீர்கள்? "குளிர்" என்றா? இலை மஞ்சளாவதில்லை, தம்பி. மஞ்சள் நிறமி கோடை முழுவதும் அந்த இலைக்குள்ளேயே இருக்கிறது. பகல் குறைந்து குளிர் ஏறும்போது மரம் பச்சையத்தைப் புதுப்பிப்பதை நிறுத்துகிறது, பச்சை கலைந்து போகிறது, அடியில் கிடந்த மஞ்சள் தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு மட்டும் அந்த நேரத்தில் இலை புதிதாக உண்டாக்குவது. இதை ஒரு சொல்லில் சொல்லு என்று ஒரு குழந்தையிடம் கேட்பது நியாயமா? ஜன்னலுக்கு வெளியே மரம் நிற்கிறது. உள்ளே உட்கார வைத்து மணி அடித்து ஒரு சொல் வாங்குகிறீர்கள். உங்கள் விதிகளிலேயே எனக்குக் கோபம் வந்தது இதில்தான்.

இல்லை, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது பூசணிக்காயில்.

கொங்குப் பக்கம் சர்க்கரைப் பூசணி என்பார்கள், வேறு ஊர்களில் மஞ்சள் பூசணி என்பார்கள். அதெல்லாம் சரியான பெயர்கள். வெறுமனே பூசணி என்று எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் கேட்டால் என் பாட்டி பரணிலிருந்து சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணியைத்தான் இறக்கித் தருவாள். அது ஆசியக் காய். நீங்கள் சொல்லும் காய்க்கு அவள் வைத்திருந்த பெயர் பரங்கி. பரங்கிமலை, பரங்கிப்பேட்டை என்கிறோமே, அதே பரங்கி. கப்பலில் வந்த ஐரோப்பியர்களுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் அது. அவர்களோடு வந்த காய்க்கும் அதையே வைத்துவிட்டார்கள். காயின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவில் வாஹாகா மாநிலத்தின் ஒரு குகையில் கிடைத்த விதைகளை வைத்து, அந்தக் குடும்பத்துக் காய்களைச் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் பயிரிட்டார்கள் என்று கணித்திருக்கிறார்கள். உங்கள் மகன் நிற்கும் கண்டத்திலிருந்து புறப்பட்டு வந்த காய் அவன் கொள்ளுப்பாட்டியின் பரணில் வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தது. அவன் கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி! ஒன்றும் இல்லை என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

செதுக்கும் வழக்கமோ அமெரிக்காவில் பிறந்ததல்ல. அயர்லாந்தில் அக்டோபர் 31 இரவு டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி உள்ளே நெருப்பு வைப்பது பழைய வழக்கம். டொனகலில் கிடைத்த அப்படி ஒரு முகத்தின் வார்ப்பு அந்நாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழிந்த கண்ணும் உடைந்த பல்லுமாக, செத்துப்போன கிழவன் முகம் போல. 1845க்குப் பிறகு உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் கப்பல் ஏறினார்கள். வந்து சேர்ந்த மண்ணில் கிழங்கைவிடப் பெரிதாக, குடைவதற்கு லேசாக ஒரு காய் குவிந்து கிடந்தது.

நான் சொல்ல வந்தது வேறு. என் மகள் இலினாயில் பியோரியாவில் இருந்தபோது ஒரு செப்டம்பரில் அங்கே போயிருந்தேன். கடை வாசலில் ஆரஞ்சு நிறத்தில் அம்பாரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். பரங்கி என்று கத்தியேவிட்டேன். ஒன்றை வாங்கி வந்து பால்கூட்டு செய்தேன். வெந்ததும் நாராகப் பிரிந்து தண்ணீர் விட்டுக்கொண்டது. எவ்வளவு வெல்லம் போட்டும் ருசி ஏறவில்லை. மாப்பிள்ளை பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். எனக்குத்தான் அழுகை வந்தது. பாட்டியின் கை எனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை காரில் மார்ட்டனுக்கு அழைத்துப் போனார். பியோரியாவிலிருந்து அரை மணிகூட ஆகாது. அமெரிக்காவில் டப்பாவில் அடைத்து விற்கும் பரங்கிக் கூழில் பெரும்பகுதி அந்தச் சின்ன ஊரின் ஒரே ஆலையிலிருந்து வருகிறது. வயலில் கொடி காய்ந்து கிடந்தது. டிராக்டர் காய்களைத் தள்ளி நீள வரிசையாகக் குவித்திருந்தது. அவற்றில் ஒன்றுகூட ஆரஞ்சு இல்லை! எல்லாம் மங்கிய பழுப்பு, கொஞ்சம் நீள வாட்டம். வழியில் ஒரு பண்ணைக் கடையில் அதே ரகக் காய் ஒன்று கிடைத்தது. வீட்டில் அரிவாள்மனையில் வைத்துக் கீறினேன். வெட்டுவாயில் முத்து முத்தாகப் பிசின் கோத்து நின்றது. சதை இறுகி, நல்ல மஞ்சளாக இருந்தது. அப்போதே தெரிந்துவிட்டது.

செதுக்குகிற ஆரஞ்சுக் காய் குகுர்பிட்டா பெப்போ என்ற இனம். டப்பாவுக்குப் போவது டிக்கின்சன் ரகம், குகுர்பிட்டா மொஸ்காட்டா இனம். நம் ஊர்ப் பரங்கியும் மொஸ்காட்டாதான். அமெரிக்கப் பாட்டிகள் நன்றி நவிலல் நாளில் செய்யும் பைக்குள் இருப்பது, பாலும் சர்க்கரையும் சேர்ந்த நம் பரங்கியின் உடன்பிறப்பு. முட்டையையும் மசாலாவையும் எடுத்துவிட்டால் பால்கூட்டுக்குப் பக்கத்து வீடு. அமீலியா சிம்மன்ஸ் 1796இல் அச்சிட்ட சமையல் புத்தகத்திலேயே அந்தப் பரங்கிப் பண்டம் இருக்கிறது. என் பாட்டிக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் எந்தக் காயில் பால் சேரும், எதில் சேராது என்று தெரியும். மார்கழியில் கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையார் தலையில் அவள் செருகியதும் இதே கொடியின் பூதான். விதையைச் சாம்பலில் பிசறிக் காயவைத்து, துணியில் முடிந்து, அடுப்புக்கு மேலே கட்டுவாள். முறத்தில் கிடப்பவற்றை நானும் அப்படித்தான் முடியப்போகிறேன்.

உங்கள் சினிமாச் சுற்றை எடுத்துவிடுங்கள். அந்த நேரத்துக்கு மேசைமேல் இரண்டு காய் வையுங்கள், செதுக்கும் ஆரஞ்சு ஒன்று, பட்டர்நட் ஒன்று. கடையில் பட்டர்நட் எளிதாகக் கிடைக்கும், அதுவும் மொஸ்காட்டாதான். பிள்ளைகளைக் காம்பைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆரஞ்சுக் காயின் காம்பு முரடாக, வரிவரியாக, நேராக நிற்கும். மற்றதன் காம்பு காயைத் தொடும் இடத்தில் கோழிக்கால் ஊன்றியதுபோல் விரிந்திருக்கும். எது நம்ம வீட்டுச் சாம்பாரில் போடும் காய் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். நேரம் ஆனால் ஆகட்டும். மணி அடிக்காதீர்கள்.

மகனுக்கு முதலில் வீட்டிலேயே காட்டுங்கள். நம்ம ஊருக்குச் சம்பந்தம் இருக்கிறது, அப்பா தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லுங்கள். பிள்ளையிடம் அப்படிச் சொல்வதில் ஒன்றும் குறைந்துவிடாது. பிறகு அவனுக்குப் பால்கூட்டு செய்து கொடுங்கள். பட்டர்நட் தோலைச் சீவி, பெரிய துண்டாக நறுக்கி, துளி உப்புப் போட்டுக் கொஞ்சத் தண்ணீரில் வேகவிடுங்கள். வெந்ததும் வெல்லம் போடுங்கள். வெல்லம் கரைந்ததும் அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுப் பால் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் திரிந்துவிடும்.