மூன்று அட்டைகளும் ஒரே இனம் இல்லையா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். முதுகெலும்பற்ற விலங்குகளைத் தொகுதி வாரியாகப் படம் ஒட்டி வரச் சொல்லியிருந்தார்கள். ரத்தம் உறிஞ்சும் அட்டை, மரவட்டை, கடல் அட்டை மூன்றையும் ஒரே பக்கத்தில் ஒட்டி, "அட்டைகள்" என்று தலைப்பும் போட்டுவிட்டாள். ஆசிரியர் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். ஏன் தவறு என்று கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்த்தவுடன் இது எந்தத் தொகுதி என்று கண்டுபிடிக்க வழி உண்டா? விடுமுறைக்கு ராமேஸ்வரம் போகிறோம். அங்கிருந்து ஏதாவது பாட்டிலில் போட்டு எடுத்து வரலாமா?

பதில்: முதலில், மகளைத் திட்டாதீர்கள். அவள் செய்ததைத்தான் வகைப்பாட்டியலின் தந்தை என்று பாடப்புத்தகம் சொல்லும் கார்ல் லின்னேயஸும் செய்தார். 1758-இல் அவர் விலங்குகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்தபோது, பாலூட்டி, பறவை, நீர்நில வாழ்வன, மீன் என்று நான்கு போக மிச்சமிருந்த அத்தனை உயிர்களுக்கும் இரண்டே பெட்டிகள்தான் வைத்தார். ஒன்று பூச்சி, இன்னொன்று புழு. சிலந்தியும் நண்டும் பூச்சிப் பெட்டிக்குள் போயின. மண்புழு, நத்தை, நட்சத்திர மீன் எல்லாம் புழுப் பெட்டிக்குள் விழுந்தன. 1793-இல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்த இரண்டு பெட்டிகளையும் லமார்க்கின் தலையில் கட்டினார்கள். அதுவரை செடிகொடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர், ஐம்பதை நெருங்கும் வயதில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். "முதுகெலும்பற்றவை" என்ற பெயரே அவர் கொடுத்ததுதான்.

நம் ஊர்ப் பெயர்கள் உருவத்தையும் நடையையும் பார்த்து வைத்தவை. நீளமாக, மெத்தென்று, மெதுவாக ஊர்ந்தால் அட்டை. அதனால்தான் எட்டுக்கால் பூச்சி பூச்சி இல்லை, நட்சத்திர மீன் மீன் இல்லை, பட்டுப்புழு புழு இல்லை. சில வீடுகளில் வயிற்றில் இருக்கும் புழுவைப் பூச்சி என்கிறார்கள், துணி அலமாரியில் இருக்கும் பூச்சியை வெள்ளி மீன் என்கிறார்கள். அன்றாடப் பேச்சுக்கு இது போதும். விலங்கியல் கேட்கும் கேள்வி வேறு: இந்த உடல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது? அடிப்படை உடலமைப்பு ஒத்துப்போகும் விலங்குகளின் பெரிய பிரிவுதான் தொகுதி. உங்கள் மகளின் மூன்று அட்டைகளை வைத்தே பார்த்துவிடலாம்.

ரத்தம் உறிஞ்சும் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வால்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் நடந்திருந்தால் உங்களுக்கே அறிமுகம் இருக்கும். அதற்குக் கால் கிடையாது. உடல் முழுக்க மோதிரங்களை அடுக்கி வைத்தது போல வளையங்கள். மண்புழுவுக்கும் அப்படியே. இரண்டும் வளைதசைப்புழுக்கள். வளையம் வெளியே மட்டும் தெரியும் கோடு என்று நினைக்கவேண்டாம். மண்புழுவுக்கு உள்ளேயும் சுவர் வைத்து அறை அறையாகத் தடுத்திருக்கும். அப்படி ஒவ்வொரு அறையும் ஒரு கண்டம். நரம்பு முடிச்சு, கழிவு நீக்கும் குழாய் எல்லாம் கண்டத்துக்குக் கண்டம் திரும்ப வரும். ஈரமான மண்புழுவை வால் பக்கத்திலிருந்து தலைப் பக்கமாக விரலால் நீவிப் பார்த்தால் லேசாகச் சொரசொரக்கும். மண்ணைப் பிடித்துக்கொள்ள அது வைத்திருக்கும் நுண்ணிய முட்கள் அவை. அட்டைக்கு அந்த முட்கள் இல்லை, பதிலாக இரண்டு முனையிலும் ஒட்டுறிஞ்சிகள். முன்னதை ஊன்றி, பின்னதை இழுத்து வைத்து, சாண் போட்டு அளப்பது போல நடக்கும்.

மரவட்டைக்கு வருவோம். ரயில் பூச்சி என்று சொல்லும் ஊர்களும் உண்டு. அதற்கும் வளையங்கள் இருக்கின்றன, பிறகு ஏன் அட்டையோடு சேர்க்கவில்லை? கீழே குனிந்து பாருங்கள். கால்கள்! அதுவும் மூட்டு வைத்த கால்கள். தோலும் மெத்தென்று இருக்காது, கைட்டின் என்ற பொருளாலான கடினமான ஓடு. இந்த இரண்டும் சேர்ந்தால் அது கணுக்காலி. கரும்பில் இருக்கும் அதே கணுதான். காலில் கணு இருப்பதால் கணுக்காலி. பாடப்புத்தகத் தமிழில் எனக்கு மிகவும் பிடித்த சொல் இது, மொழிபெயர்ப்பு வாடையே இல்லை.

வெளி ஓடு வளராது என்பதால் இவை அவ்வப்போது சட்டையை உரித்துவிட்டுப் பெரிதாகும். சுவரில் ஒட்டியிருக்கும் காலியான கரப்பான் தோல் அப்படிக் கழற்றிப் போட்டதுதான். உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட விலங்கினங்களில் பெரும்பகுதி கணுக்காலிகளே. பூச்சிகள் மட்டும் பத்து லட்சம் இனங்களுக்கு மேல். உள்ளே எந்தப் பிரிவு என்று பார்க்கக் காலை எண்ணினால் போதும். மூன்று ஜோடி என்றால் பூச்சி. நான்கு ஜோடி என்றால் சிலந்தி, தேள், உண்ணி வகையறா. இரண்டு ஜோடி உணர்கொம்பு இருந்தால் இறால், நண்டு கூட்டம். கால் நிறைய இருந்தால், ஒரு கண்டத்துக்கு ஒரு ஜோடியா இரண்டு ஜோடியா என்று பாருங்கள். ஒன்று என்றால் பூரான், இரண்டு என்றால் மரவட்டை (முன்னால் உள்ள சில கண்டங்கள் விதிவிலக்கு). பூரான் இரையைத் துரத்தும், அதன் முதல் ஜோடிக் கால்கள் நஞ்சு செலுத்தும் கொடுக்காக மாறியிருக்கின்றன. மரவட்டை பாவம், மட்கிய இலையைத் தின்றுவிட்டுச் சுருண்டு கிடக்கும். ஆயிரங்கால் என்பது வெறும் பேச்சுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் மண்ணுக்கு அடியில் கிடைத்த ஒரு மரவட்டைக்கு 1,306 கால்கள் இருந்ததாக 2021-இல் அறிவித்தார்கள்.

கம்பளிப்புழுவை எங்கே ஒட்டுவது என்று மகள் அடுத்துக் கேட்பாள். தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி மூட்டுக் கால்கள் இருக்கும், அதனால் பூச்சி. பின்னால் தெரியும் தடித்த கால்கள் வெறும் சதை முண்டுகள். ஈயின் புழுவுக்குக் காலே கிடையாது என்பதால் இந்தச் சோதனை அங்கே தோற்கும். அது என்னவாக மாறுகிறது என்று காத்திருந்து பார்க்கவேண்டியதுதான்.

மூன்றாவது, கடல் அட்டை. இதுதான் நம்மை நன்றாக ஏமாற்றுவது. பார்க்க வெள்ளரிக்காய் மாதிரி, கடலடி மணலில் அசையாமல் கிடக்கும். மூட்டுக் கால் இல்லை, ஓடு இல்லை, வளையமும் இல்லை. ஆனால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உட்சுவரில் நீளவாக்கில் ஐந்து தசைப்பட்டைகள் ஓடும். இந்த ஐந்துதான் அடையாளம். நட்சத்திர மீனுக்குப் பெரும்பாலும் ஐந்து கைகள், கடல் முள்ளெலியின் காலி ஓட்டில் பூ வரைந்தது போல ஐந்து வரிசைத் துளைகள். இவை முட்தோலிகள். தோலுக்கு அடியில் சுண்ணாம்புத் தகடுகள் வைத்திருக்கும். கடல் அட்டையில் அவை நுண்ணோக்கியில்தான் தெரியும் அளவுக்குச் சிறுத்துவிட்டன. வேறு எந்த விலங்கிடமும் இல்லாத ஒரு ஏற்பாடும் இவற்றிடம் உண்டு. உடலுக்குள் தண்ணீர்க் குழாய் வலை, அதன் முனையில் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள். தண்ணீரை அழுத்தியும் இழுத்தும் அந்தக் கால்களை நீட்டி மடக்கி நகரும். கடலைத் தவிர வேறெங்கும் முட்தோலி கிடையாது, ஆகவே குளத்திலோ தோட்டத்திலோ பார்த்ததை இந்தப் பக்கத்தில் ஒட்டவே வேண்டாம்.

கடல் அட்டை மூச்சு விடுவது ஆசனவாய் வழியாக. எதிரி தொந்தரவு செய்தால் சில இனங்கள் குடலையே வெளியே தள்ளிவிட்டுப் பிறகு புதிதாக வளர்த்துக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் போதும், ஜென்மத்துக்கும் முட்தோலியை மறக்கமாட்டாள்.

ஆக, மூன்று அட்டை, மூன்று தொகுதி. உறவுமுறையில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. கடல் அட்டை மற்ற இரண்டு அட்டைகளைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம். கருவில் முதலில் தோன்றும் துளை நமக்கும் முட்தோலிகளுக்கும் ஆசனவாய் பக்கமாக அமைகிறது, வாய் பிறகு தனியாகத் திறக்கிறது. அப்படிப் பார்த்தால் "முதுகெலும்பற்றவை" என்பதே ஒரு குடும்பப் பெயர் அல்ல. முதுகெலும்பு உள்ளவர்கள், தங்களிடம் இருப்பது இல்லாத எல்லோரையும் சேர்த்து வைத்த பெயர்.

மற்ற தொகுதிகளைக் கொஞ்சம் வேகமாகப் பார்த்துவிடுவோம். மெல்லுடலிகளுக்கு நல்ல ஆய்வுக்கூடம் மீன் சந்தைதான். கணவாய் வாங்கி வந்து மகளையே சுத்தம் செய்யச் சொல்லுங்கள். உறை போல உடலை மூடியிருக்கும் சதை, அதற்குள் செவுள், மை வைத்திருக்கும் பை, முதுகுப் பக்கம் வெள்ளையாக ஒரு தட்டு. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கிறார்களே, அது இதுதான், உள்ளே போய்விட்ட ஓடு. நத்தை அந்த ஓட்டை வெளியே சுமக்கிறது, மட்டி அதை இரண்டாகப் பிளந்து கதவாக்கிக்கொண்டது, பேய்க்கணவாய் ஓடே வேண்டாம் என்று விட்டுவிட்டது. ஓடு இருக்கிறதா என்பதைவிட, கண்டமில்லாத மெல்லிய உடலும் அதை மூடும் அந்தச் சதைப் போர்வையும் இருக்கின்றனவா என்று பார்ப்பதே சரி. மழைக்கு வரும் ஓடில்லாத நத்தையை அட்டை என்று நினைத்து அலறுகிறவர்கள் நிறையப் பேர். தலையில் இரண்டு ஜோடி உணர்கொம்பு நீட்டினால் அது நத்தை.

ஓட்டை மட்டும் பார்த்து ஏமாந்தவர்களில் பெரிய தலைகளும் உண்டு. படகின் அடியிலும் பாறையிலும் ஒட்டியிருக்கும் பார்னக்கிளை, ஓடு இருக்கிறதே என்று பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே உட்பட எல்லோரும் மெல்லுடலியாகத்தான் எண்ணினார்கள். 1830-இல் தாம்சன் என்பவர் அதன் இளம் பருவத்தைப் பார்த்த பிறகுதான் அது இறாலின் உறவினர் என்று தெரிந்தது. டார்வின் அதன் பிறகு எட்டு ஆண்டுகளை இந்த ஒரே உயிரில் செலவழித்தார்.

புழு என்ற பெயரில் இன்னும் இரண்டு தொகுதிகள் இருக்கின்றன. தட்டைப்புழு நாடா மாதிரித் தட்டையாக இருக்கும். ரத்த ஓட்டம் இல்லாததால் ஆக்சிஜன் தோல் வழியாக ஊறியே எல்லா இடத்துக்கும் போகவேண்டும், தட்டையாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வயிற்றில் வளரும் நாடாப்புழுவுக்கு வாயும் குடலும்கூட இல்லை. உருளைப்புழு நூல் போல உருண்டு, இரு முனையும் கூர்ந்து, வளையமே இல்லாமல் வழவழவென்று இருக்கும். பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரை முக்கியமாக இவற்றுக்குத்தான். யானைக்கால் நோயைத் தருவதும் இந்தத் தொகுதியே.

குழியுடலிகளின் முத்திரை கொட்டும் செல்கள். ஜெல்லி மீன் (கடற்கரையில் சொறி என்பார்கள்), கடல் சாமந்தி, பவளம் எல்லாம் இதில் அடக்கம். வாய் ஒன்றுதான், தின்பதும் கழிப்பதும் அதன் வழியாகவே. பவளம் கல் இல்லை, கல் கட்டிக் குடியிருக்கும் உயிர். துளையுடலிகளுக்கு வாயும் இல்லை, திசுவும் இல்லை. உடலெங்கும் உள்ள துளைகளில் தண்ணீரை இழுத்து வடிகட்டிப் பிழைக்கும் கடற்பஞ்சுகள் அவை. குளியலறையில் இருக்கும் பீர்க்கங்காய் நாரை இந்தப் பக்கத்தில் ஒட்டிவிடப் போகிறாள், பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ராமேஸ்வரத்துக்கு வருவோம். அங்கிருந்து உயிருள்ள எதையும் எடுத்து வராதீர்கள். கடல் அட்டை பிடிக்க 2001 முதல் நம் நாட்டில் தடை இருக்கிறது. பக்கத்திலேயே இலங்கையின் வடக்கில் அதைப் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள் என்பது வேறு கதை. இத்தனைக்கும் அதை முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டும் வேலை 1988-இலேயே தூத்துக்குடியில் நடந்துவிட்டது. பவளமும் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, கரையில் செத்துக் கிடக்கும் துண்டாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். சங்கு, சிப்பியிலும் சில இனங்கள் பட்டியலில் உண்டு. எது என்று நமக்குத் தெரியாதபோது படம் எடுத்துக்கொண்டு வருவதே உத்தமம். கரையில் ஒதுங்கிய சொறியை, செத்தது என்று நம்பித் தொடவிடாதீர்கள். அதன் கொட்டும் செல்கள் அதற்குப் பிறகும் வேலை செய்யும்.

மாதிரிதான் வேண்டும் என்றால் வீட்டிலும் சந்தையிலும் கிடைப்பதே ஏராளம். இறால் ஓடு, நண்டுக் கால், கணவாய்த் தட்டு, கரப்பான் தோல், காலி நத்தை ஓடு. பெரிய ஆப்பிரிக்க நத்தை தோட்டத்தில் இருந்தால் வெறும் கையால் எடுக்கவேண்டாம், மூளைக்காய்ச்சல் தரக்கூடிய ஒரு உருளைப்புழுவை அது சுமக்கக்கூடும். மரவட்டையைக் கண்ணாடிப் பாட்டிலில் விட்டு, அடியிலிருந்து பார்த்துக் காலை எண்ணச் சொல்லுங்கள். சுருண்டுகொண்டால் ஐந்து நிமிடம் தொடாமல் விட்டால் தானாக அவிழும். எண்ணி முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். அது கசியவிடும் திரவம் கையில் கறை பிடிக்கும், கண்ணில் பட்டால் எரியும்.