சென்னையில் உணவகம், வைன், கிராஃப்ட் பீர்: பெங்களூரு போல ரசிக்க முடியுமா?

சாப்பாட்டுக்கு தாராளமாக முடியும். குடிக்கும் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

2003 முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். உணவகத்தில் மது வேண்டுமென்றால் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல் பார்தான், இல்லை உறுப்பினராக உள்ள நண்பரோடு கிளப். கிராஃப்ட் பீரை அங்கேயே காய்ச்சி ஊற்றும் மைக்ரோப்ரூவரியைத் தேடி அலைய வேண்டாம், அதற்கு பெங்களூருதான். வைன் வேண்டுமா, ஓட்டல் பாரில் நாசிக் வைன் கிடைக்கும், விலையைப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். வயது வரம்பு 21. காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம் மாதிரி நாட்களில் அதுவும் கிடையாது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லியை சாம்பாரில் முக்கியெடுக்கப் பார்க்காதீர்கள்; இட்லி மூழ்கும்வரை அவர்களே ஊற்றுவார்கள், கேட்டால் இன்னும் ஊற்றுவார்கள். அண்ணா சாலை புகாரியில் சிக்கன் 65.

என் ஓட்டு பீச் ஸ்டேஷன் பக்கத்து பர்மா கடைகளுக்குத்தான். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ அங்கே கிடைக்கும்: ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எல்லாம் கையாலேயே பிசைந்து தட்டுக்கு வரும். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். பீருக்கு இதைவிடப் பொருத்தமான பதார்த்தம் இந்த ஊரில் கிடையாது, ஆனால் அங்கே பீர் கிடைக்காது! சாயங்காலத்துக்கு மேல் போங்கள், நின்றுகொண்டே சாப்பிடத் தயாராக.