ஒரே ஒரு படகு வந்த நாளில் கணக்கு ஏன் இடிக்கிறது?

கேள்வி: மண்டபத்தில் என் அப்பா நண்டும் கணவாயும் கொள்முதல் செய்து வெளியூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு அனுப்புகிறார். எந்தப் படகின் சரக்கில் எத்தனை கிலோ தேறியது, என்ன விலை என்பதை அந்த நிறுவனம் தினமும் எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்பும். கணினிப் பயன்பாட்டியல் படித்த நான், அதைப் படித்துப் படகுக்காரர்களின் கணக்கில் ஏற்றுவதற்குப் பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். பத்துப் பதினைந்து படகு வரும் நாளில் சரியாக ஓடுகிறது. ஒரே படகு வந்த நாளில் பிழை காட்டி நின்றுவிடும். நண்பர் ஒருவர் சொன்னபடி, பிழை வந்தால் தாண்டிப் போகும்படி மாற்றினேன். இப்போது நிற்பதில்லை, ஆனால் மாதக் கடைசியில் கணக்கு இடிக்கிறது. மாற்றித் தரும் மென்பொருள் இருக்கிறது என்று ஒருவர் ஆண்டுச் சந்தா கேட்கிறார். வாங்கலாமா ஐயா? — மண்டபம் வாசகி

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் நிரலில் மாற்ற வேண்டியது சில வரிகள்தான். அதற்கு முன்னால் அந்தத் ‘தாண்டிப் போ’ வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்த நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் நிரல் நின்றபோது உங்களுக்கு விஷயம் தெரிந்தது. இப்போது ஒரு படகுக்காரரின் அன்றைய வரவு பதிவாகாமலேயே போகிறது, சத்தமே இல்லை. கணக்கு இடிப்பது அங்கேதான்.

எக்ஸ்எம்எல் கோப்பு வெறும் எழுத்து. எடை, விலை, படகின் பெயர் என்று ஒவ்வொன்றையும் குறிச்சொல்லுக்குள் அடைத்து எழுதிய சீட்டு, அவ்வளவுதான். நிரலுக்கு அந்த எழுத்து போதாது; கையால் எடுத்துக் கூட்டிக் கழிக்க ஆப்ஜெக்ட், அதாவது விவரங்களைப் பெயரிட்டு நினைவகத்தில் வைத்திருக்கும் பொருள், வேண்டும். எழுத்தை ஆப்ஜெக்டாக மாற்றும் வேலையை நீங்கள் ‘எக்ஸ்எம்எல்டுடிக்ட்’ என்ற லைப்ரரியிடம் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்) விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலோர் அதைத்தான் எடுக்கிறார்கள். நீங்கள் சொல்லும் கோளாறும் அதற்கே உரியது.

அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை உங்கள் கடை வாசலிலேயே பார்க்கலாம். ஐந்து படகின் நண்டு வந்தால், படகுக்கு ஒரு பெட்டியாக ஐந்து பெட்டியையும் ஒரு வண்டியில் ஏற்றி உங்களிடம் அனுப்புகிறது. நீங்கள் வண்டியைத் திறந்து பெட்டி பெட்டியாக இறக்குகிறீர்கள். ஒரே படகு வந்த நாளில், ‘ஒரு பெட்டிக்கு எதற்கு வண்டி’ என்று பெட்டியை மட்டும் உங்கள் கையில் கொடுத்துவிடுகிறது. உங்கள் நிரலோ வண்டியை எதிர்பார்த்து நிற்கிறது. பெட்டியையே வண்டி என்று நினைத்துத் திறந்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு நண்டையும் ஒரு பெட்டி என்று எண்ணத் தொடங்குகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு படகுக்குப் பெயர், பதிவெண், ரகம், எடை, விலை, தொகை என்று ஆறு விவரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே படகு வந்த நாளின் கோப்பைக் கொடுத்து, எத்தனை படகு என்று நிரலைக் கேளுங்கள். ஆறு என்று சொல்லும். அது எண்ணியது விவரங்களை. அடுத்த வரியில் முதல் ‘படகை’ எடுத்து அதன் எடையைக் கேட்கிறீர்கள். ஆனால் கையில் இருப்பது ‘பெயர்’ என்ற வெறும் சொல். சொல்லுக்கு ஏது எடை? எழுத்துச் சரத்தை எண்ணால்தான் சுட்ட முடியும் என்று பைத்தான் கத்துகிறதே, அந்தப் பிழைச் செய்தியின் பொருள் இதுதான். அதன் வாயைத்தான் நீங்கள் அடைத்துவிட்டீர்கள்.

தீர்வு இரண்டு. அதே லைப்ரரியில் ‘ஃபோர்ஸ் லிஸ்ட்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ‘படகு’ என்ற குறிச்சொல் ஒன்றே வந்தாலும் பட்டியலாகவே கொடு என்று அதில் சொல்லிவிடலாம். இன்றிரவே கணக்கு ஓடியாக வேண்டும் என்றால் இதைச் செய்யுங்கள். நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி. பைத்தானோடு சேர்ந்தே வரும் ‘எலிமென்ட்ட்ரீ’ போதும், தனியாக எதையும் நிறுவ வேண்டாம். அதில் ‘ஃபைண்ட்ஆல்’ என்று கேட்டால் ஐம்பது படகு இருந்தாலும் பட்டியல், ஒன்று இருந்தாலும் பட்டியல், ஒன்றுமே இல்லாவிட்டாலும் வெறும் பட்டியல். பிறகு ‘படகு’ என்று ஒரு வகுப்பை (ஆப்ஜெக்டுக்கான அச்சு) நீங்களே எழுதி, ஒவ்வொரு விவரத்தையும் அதில் நீங்களே நிரப்புங்கள். கூடுதலாக இருபது வரி ஆகும். எந்த விவரம் எந்த வகை என்பது உங்கள் கையில் இருக்கும். கிலோவையும் ரூபாயையும் துல்லியமான ‘டெசிமல்’ ஆக வையுங்கள், தோராயமான ‘ஃப்ளோட்’ வேண்டாம், பைசா கரையும். பதிவெண்ணை எழுத்தாகவே வையுங்கள். எண்ணாக மாற்றினால் முன்னால் இருக்கும் சுழி போய்விடும், அந்தத் தொகை யார் படகில் ஏறும் என்று சொல்ல முடியாது.

ஒரு படகு விஷயம் இத்தோடு தீர்ந்தது. படகே வராத நாளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் இன்னும் சில மாதத்தில் எனக்கு மறுபடியும் எழுதுவீர்கள்.

நம் கரையில் இது அபூர்வம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். காற்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்க மாட்டார்கள். நாட்டுப் படகு ஒன்றிரண்டு போய் வந்தால் உண்டு, இல்லையென்றால் கடை திறந்தே கிடக்கும், சரக்கு வராது. அன்றைக்கும் அந்த நிறுவனத்தின் கணினி வழக்கம்போல் ஒரு கோப்பை அனுப்பும். அதில் ‘வரவு’ என்ற குறிச்சொல் இருக்கும், உள்ளே படகு இருக்காது. ‘எக்ஸ்எம்எல்டுடிக்ட்’ இதைப் பார்த்துவிட்டு ‘வரவு’க்கு ‘நன்’ (None), அதாவது ஒன்றுமே இல்லை என்ற மதிப்பைக் கொடுக்கும். வண்டியும் இல்லை, பெட்டியும் இல்லை. மேலே சொன்ன ‘ஃபோர்ஸ் லிஸ்ட்’ இங்கே உதவாது. அது ‘படகு’ என்ற சொல்லைப் பார்த்தால்தானே பட்டியல் போடும்? ‘வரவு’ என்ற குறிச்சொல்லுக்குள்ளேயே தேதியைப் பண்பாக (அட்ரிபியூட்) எழுதியிருந்தால் இன்னொரு உருவம்: தேதி மட்டும் இருக்கும், பெயரும் மதிப்பும் சோடியாக வைக்கும் ஒரு டிக்‌ஷனரி வரும், ‘படகு’ என்ற சாவியே இருக்காது. ஆக ஒரே கோப்பு, சரக்கு எவ்வளவு வந்தது, கோப்பை எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்து நான்கு உருவம் எடுக்கிறது.

‘எலிமென்ட்ட்ரீ’க்கு மாறினாலும் இங்கே ஒரு குழி இருக்கிறது. ‘வரவு இருந்தால்’ என்று வெறுமனே நிபந்தனை எழுதினால், உள்ளே குழந்தைக் குறிச்சொல் இல்லாத ‘வரவு’ இருந்தும் இல்லை என்றே பைத்தான் சொல்லும். பைத்தான் 3.12 முதல் இதற்கு எச்சரிக்கை காட்டுகிறார்கள். அந்த மஞ்சள் வரியை யார் படிக்கிறார்கள்? ‘வரவு நன்னா, இல்லையா’ என்று நேராகக் கேளுங்கள். நன் என்றால் கோப்பில் அந்தப் பகுதியே வரவில்லை, உடனே நிறுவனத்துக்குப் போன் செய்ய வேண்டும். நன் இல்லை, ஆனால் பட்டியல் வெறுமை என்றால் அன்றைக்குப் படகு வரவில்லை, சுழி போட்டு மூடலாம். இந்த இரண்டும் ஒன்றல்ல. ‘படகு வரவில்லை’ என்பதையும் ‘கணக்கு வரவில்லை’ என்பதையும் ஒன்றாக்கிய நிரலை நானே ஒரு கடைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிறுவனம் கோப்பின் அமைப்பை மாற்றிய அன்று, கரையில் கணவாய் குவிந்து கிடக்க, என் நிரல் சுழி என்று எழுதியது. படகு வைத்திருந்த ஒரு பெரியவர் தம் சிட்டை நோட்டோடு வந்து காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதிலிருந்து ஒன்றுமில்லாத நாளுக்குத்தான் முதல் சோதனைக் கோப்பு எழுதுகிறேன்.

இப்போது சந்தா கேட்கும் ஆளுக்கு வருவோம். இராமநாதபுரத்திலிருந்து தொண்டி வரை, கீழக்கரையிலிருந்து பாம்பன் வரை, கணக்குக் கணினி வைத்திருக்கும் கடை ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒருவர் வருகிறார். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் இதே இலவச லைப்ரரி, மேலே ஒரு திரை, ஒரு பொத்தான். ஒரு படகு வந்த கோப்பையும் படகே வராத கோப்பையும் அவரிடம் கொடுத்து, உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நாளைக்கு வருகிறேன் என்பார். மூல நிரலைத் தருவீர்களா என்றும் கேளுங்கள். தர மாட்டேன் என்றால், நிறுவனம் ஒரு குறிச்சொல்லின் பெயரை மாற்றும் ஒவ்வொரு முறையும் நீங்கள் அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.

இதைவிட மோசமானது இலவசமாக மாற்றித் தரும் இணையதளங்கள். கோப்பை ஏற்று, பொத்தானை அழுத்து, முடிந்தது என்பார்கள். உங்கள் கோப்பில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். படகுக்காரர்களின் வங்கிக் கணக்கு எண் இருக்கலாம். யாருக்கு எவ்வளவு முன்பணம் நிற்கிறது என்பதும் இருக்கலாம். நம் கரையில் முன்பணம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் படகு எந்தக் கடைக்குச் சரக்குப் போடும் என்பதே அதில் அடங்கியிருக்கிறது. அந்தக் கணக்கை முன்பின் தெரியாத ஒருவரின் கணினியில் கொண்டுபோய் வைக்காதீர்கள். அப்பாவின் கடையில் வேறு யாரும் அப்படிச் செய்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

உங்கள் தவறு ஒரு பங்கு என்றால் அந்த நிறுவனத்தின் தவறு மூன்று பங்கு. எக்ஸ்எம்எல் 1998-இல் தரநிலையானது. ஒரு குறிச்சொல் குறைந்தது எத்தனை முறை, அதிகம் எத்தனை முறை வரலாம் என்று எழுதி வைக்கும் ஸ்கீமா மொழி 2001-இலேயே தரநிலையாகிவிட்டது. ‘படகு சுழியிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் வரலாம்’ என்று அதில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. ஜாவாவில் அந்த ஸ்கீமாவைக் கொடுத்தால் வகுப்பையே பட்டியலோடு உருவாக்கித் தரும் கருவி உண்டு. ஆனால் நம்மூர்க் கடைக்கு அனுப்புவது என்ன? ஒரு மாதிரிக் கோப்பு. அதில் எப்போதும் மூன்று படகு இருக்கும். அதைப் பார்த்து மீதியை ஊகித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஸ்கீமா கேட்டால், ‘மாதிரி அனுப்பியிருக்கிறோமே’ என்று பதில். இத்தனை ஆண்டாக இதே பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் விடாமல் எழுத்தில் கேளுங்கள், அப்பாவின் பெயரில் கேளுங்கள். சரக்குப் போடுகிறவர் கேட்டால் பதில் வரும். படித்த பிள்ளை கேட்டால் வராது.

நீங்கள் திருப்பி எக்ஸ்எம்எல் அனுப்புவதாக இருந்தால் இன்னொன்று. குறிச்சொற்களைக் கையால் ஒட்டி ஒட்டிக் கோப்பு எழுதாதீர்கள். பழைய கணக்கில் படகுப் பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினியில் ‘ஈ’ என்று திரையில் தெரிவது, உள்ளே ‘<’ என்ற கோணக்குறி. ‘ஈஸ்வரி’ என்ற படகின் பெயரை அப்படியே ஒட்டினால், அங்கே புதுக் குறிச்சொல் தொடங்குகிறது என்று நினைத்து அடுத்த முனையில் கோப்பு முழுவதும் நிராகரிக்கப்படும். ‘இ’ என்பதோ உள்ளே காற்புள்ளி. காற்புள்ளியால் பிரித்த கோப்பில் ‘இராமேசுவரம்’ இரண்டு கட்டத்தில் போய் விழும். பெயர்களை முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிட்டு, கோப்பை எழுதும் வேலையை லைப்ரரியிடமே விடுங்கள்.

நிரலைத் திருத்தி முடித்ததும், தாண்டிப் போகும் வரியைச் சேர்த்த தேதியிலிருந்து இன்று வரை வந்த கோப்புகள் அனைத்தையும் எடுத்து மறுபடி ஓட்டுங்கள். அழித்திருந்தால் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். ‘படகு’ ஒன்றே ஒன்று இருக்கும் கோப்புகளைத் தனியே பிரித்தால், யாருடைய வரவு எந்தத் தேதியில் விடுபட்டது என்று தெரிந்துவிடும். காற்றடித்த நாளிலும் கடலுக்குப் போய் வந்தவர்கள் அவர்கள். அடுத்த கணக்கு முடிக்கும் நாள் வரை காத்திருக்காமல், அப்பாவிடம் சொல்லி அந்தத் தொகையை முதலில் கொடுக்கச் செய்யுங்கள்.