கால்ல இருக்கற வலி இடுப்புக்கு ஏறுதா? அப்ப சரியான ரூட்லதான் போறீங்க

திருப்பூர்ல இருந்து ஒரு சகோதரி கேட்ருக்காங்க. வயசு 38, பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர். 5 வாரமா வலது பிட்டத்துல ஆரம்பிச்சு தொடைக்குப் பின்னால, கெண்டைக்கால் வழியா சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி சுண்டி இழுக்குதாம், தும்மினா உயிரே போகுதாம். எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல எல் 5 – எஸ் 1 டிஸ்க் ப்ரொட்ரூஷன்னு (முதுகெலும்பு நடுவுல இருக்கற ஜவ்வு பிதுங்கியிருக்குனு) போட்ருக்கு. ஒருத்தர் ஆபரேஷன்ங்கறார், இன்னொருத்தர் ஒரு மாசம் பலகையில படுங்கறார், யூடியூப் பாத்து முட்டிய நெஞ்சோட சேத்துக் கட்டிப்பிடிக்கற எக்சர்சைஸ் செஞ்சதுல வலி இன்னும் ஜாஸ்தி. பிஸியோல சரியாகுமா, மாமியாருக்கும் இதே மாதிரி கால் வலி இருக்கு அவங்களும் சேந்து செய்யலாமா, இதுதான் கேள்வி.

முதல்ல ஒண்ணு, ஊர்ல சொல்ற மாதிரி நரம்பு சுருண்டுக்கவும் இல்ல, பிசகவும் இல்ல. கீழ் முதுகுல இருந்து வர்ற 5 நரம்பு வேர்கள் ஒண்ணா சேந்துதான் சயாட்டிக் நரம்பாகுது, உடம்புலயே தடிமனான நரம்பு அது. உங்களுக்கு கடைசி எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல இருக்கற ஜவ்வு கொஞ்சம் பின்னால பிதுங்கி எஸ் 1 வேர தொந்தரவு பண்ணுது, அந்த வேர் போற ஏரியாதான் கெண்டைக்கால், பாதத்தோட வெளிப்பக்கம், சுண்டுவிரல், அதனால நீங்க சொல்ற வலியும் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகுது. இப்படி ஒத்துப்போனாத்தான் ரிப்போர்ட்டுக்கு மதிப்பு, ஏன்னா வலியே இல்லாத ஆளுங்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் 20 வயசுலயே 100ல 30 பேருக்கு ஜவ்வு பிதுங்கினது (பல்ஜ்) தெரியுது, பேப்பர பாத்து பயந்தா ஊர்ல பாதிப் பேர் படுத்த படுக்கைதான்.

இன்னொரு நல்ல விஷயம், வெளிய வந்த ஜவ்வ உடம்பே கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுடுது, பெருசா வெளிய வந்ததுக்குத்தான் அப்படி கரையற சான்ஸ் அதிகம், கேக்க விசித்திரமா இருக்கும் ஆனா உண்மை.

பலகையில படுக்கறத விட்ருங்க. 1999ல நெதர்லாந்துல சயாட்டிகா, அதாவது இந்த சயாட்டிக் நரம்பு வலி இருக்கற 183 பேஷண்ட்ஸ ரெண்டு குரூப்பா பிரிச்சு ஒரு குரூப்ப ரெண்டு வாரம் படுக்க வச்சுப் பாத்தாங்க, 12 வாரம் கழிச்சு ரெண்டு குரூப்லயும் 87 சதவீதம் பேருக்கு தேவலாம்னு ஆயிடுச்சு, அதாவது படுத்ததுல ஒரு லாபமும் இல்ல. ஆபரேஷன் பத்தி அதே நாட்டுல 2007ல வந்த ஆராய்ச்சி, 283 பேர். சீக்கிரம் ஆபரேஷன் பண்ணவங்களுக்கு கால் வலி வேகமா குறைஞ்சுது, ஆனா ஒரு வருஷத்துல அவங்க, காத்திருந்து பாத்தவங்க ரெண்டு குரூப்லயும் 95 சதவீதம் பேர் சரியாயிட்டாங்க. காத்திருந்தவங்கள்ல 39 சதவீதம் பேர் நடுவுல தாங்க முடியாம ஆபரேஷனுக்குத்தான் போனாங்க, அதையும் மறைக்காம சொல்லிடறேன். அதனால ஆபரேஷன் தப்பில்ல, 5 வாரத்துல அவசரம் இல்ல, அவ்வளவுதான்.

இப்ப பிஸியோவுக்கு வருவோம். 1956ல நியூசிலாந்துல வெலிங்டன்ல ராபின் மெக்கென்ஸினு ஒரு பிஸியோதெரபிஸ்ட், அவர்கிட்ட ஒரு கால் வலி பேஷண்ட் 3 வாரமா வந்தும் தேறல. ஒரு நாள் தலைப்பக்கம் தூக்கி வச்சிருந்த பெட்ல தெரியாம குப்புறப் படுத்துட்டார், முதுகு பின்னால நல்லா வளைஞ்சபடி 5 நிமிஷம். மெக்கென்ஸி வந்து பாத்து பதறிட்டார், பேஷண்ட் என்னடான்னா கால் வலி போயிடுச்சு, இடுப்புல மட்டும் கொஞ்சம் இருக்குங்கறார். இந்த சயின்ஸ்ல முக்கால்வாசி இந்த ஒரு வரியிலயே இருக்கு. கால்ல இருக்கற வலி மேல ஏறி இடுப்புக்கு வந்தா நல்ல அறிகுறி, இடுப்பு வலி கொஞ்சம் கூடினாலும் பரவால்ல. இடுப்பு வலி குறைஞ்சு பாதத்துக்கு இறங்கினா அந்த எக்சர்சைஸ் உங்களுக்கு ஆகாது, யார் சொன்னாலும் சரி. முட்டிய நெஞ்சுக்கு இழுக்கும்போது முதுகு முன்னால வளையுது, உங்களுக்கு ஜாஸ்தியானதுக்கு காரணம் அதுதான்.

நீங்க ட்ரை பண்ண வேண்டியது இது. பாய்ல குப்புற 5 நிமிஷம் சும்மா படுங்க, வலி எங்க இருக்குனு கவனிங்க. கீழ இறங்கலன்னா முழங்கைய ஊனி நெஞ்ச தூக்கி 2 நிமிஷம் இருங்க. அதுவும் ஒத்துக்கிச்சுன்னா உள்ளங்கை ஊனி மேல எந்திரிங்க, இடுப்பு பாய்லயே தொங்கட்டும், பாம்பு படம் எடுக்கற மாதிரி, 10 தடவ, பகல்ல 3 மணி நேரத்துக்கு ஒரு தரம். நரம்பு வழுக்கி ஓடறதுக்கு ஒண்ணு: சேர்ல உக்காந்து முட்டிய நீட்டும்போது தலைய மேல பாருங்க, மடக்கும்போது குனிங்க, 10 தடவ, புடிச்சு நிறுத்தக்கூடாது, இழுத்து ஸ்ட்ரெச் பண்ணவும் கூடாது, கோவமா இருக்கற நரம்ப இழுத்தா இன்னும் கோவப்படும்.

மிஷின் வேலைக்கு போலாம், ஆனா ஒன்றரை ஷிப்ட் இப்ப வேணாம், ஒரு ஷிப்டோட நிறுத்துங்க. பெடல தூரத்துல வச்சு கால நீட்டி மிதிச்சீங்கன்னா நரம்பு நாள் முழுக்க இழுபட்டுட்டே இருக்கும், கிட்ட இழுத்துக்கங்க, அரை மணிக்கொரு தரம் எந்திரிச்சு இடுப்புல கை வச்சு பின்னால 5 தடவ வளைங்க, சூப்பர்வைசர் மொறச்சா இந்த பதில காட்டுங்க. ராத்திரி படுத்திருக்கும்போது ஜவ்வு தண்ணிய இழுத்து உப்பி நிக்கும், அதனால காலையில முதல் ஒரு மணி நேரம் குனியற வேலை வேணாம், வாசல் தெளிக்கறது, குடம் தூக்கறதெல்லாம் வீட்ல வேற யாராவது பாக்கட்டும். இடுப்பு பெல்ட்ட கூட்டமான பஸ்ல போறப்ப மட்டும் போட்டா போதும்.

பிஸியோ சென்டர் போனா ஒண்ணு பாருங்க. மிஷின மாட்டி 20 நிமிஷம் கழிச்சு கழட்டி அனுப்பிட்டு 10 சிட்டிங்குக்கு பேக்கேஜ் பேசினா அது ட்ரீட்மெண்ட் இல்ல (நானும் பிஸியோதான், நம்ம ஆளுங்கள நானே சொல்றேன், திட்டட்டும்). கால தூக்கிப் பாக்கணும், மரத்துப்போன இடத்த தொட்டுப் பாக்கணும், ஒத்தக் கால்ல குதிகால தூக்கி 10 தடவ எந்திரிக்க சொல்லணும். வீட்லயே செவுத்த புடிச்சுட்டு வாரம் ஒரு தடவ எண்ணிப் பாருங்க, வலது கால்ல எண்ணிக்கை குறைஞ்சுட்டே வந்தா எலும்பு டாக்டர்கிட்ட போயிடணும்.

அவசரம் எதுன்னா: ஒண்ணுக்கு வராம அடைக்கறது, இல்ல தெரியாமயே போறது, மலம் அடக்க முடியாதது, உக்கார்ற இடத்துலயும் பிறப்புறுப்ப சுத்தியும் மரத்துப்போறது, ரெண்டு காலும் ஒண்ணா பலம் இழக்கறது, பாதம் திடீர்னு தொங்கறது. இதுல ஒண்ணு வந்தாலும் அன்னைக்கே, நடுராத்திரியா இருந்தாலும், பெரிய ஆஸ்பத்திரி. சாயங்காலமானா காய்ச்சல், எடை குறையறது, படுத்தாலும் விடாத முதுகு வலின்னா முதுகெலும்பு டிபியா இருக்கலாம், எக்சர்சைஸ நிறுத்திட்டு டாக்டர பாருங்க.

மாமியார் விஷயம். அவங்க ரேஷன் கடைக்கு நடந்தா பாதி வழியில கால் கனத்து, உக்காந்தா சரியாயிடுதுனு எழுதிருக்கீங்க, வண்டிய தள்ளிட்டு குனிஞ்சு நடந்தா வலி இல்லங்கறீங்க. அது பெரும்பாலும் வயசுல நரம்பு போற பாதை சுருங்கறது, அதுல முதுக பின்னால வளைச்சா பாதை இன்னும் இறுகும். உங்களுக்கு ஆகாத அந்த முட்டிய நெஞ்சுக்கு இழுக்கறதுதான் அவங்களுக்கு சுகம் குடுக்கும். சுகர் இருந்தா கால் ரத்த ஓட்டத்தையும் ஒரு தடவ செக் பண்ண சொல்லுங்க, அதுலயும் நடந்தா இதே மாதிரி வலிக்கும். அதுவரைக்கும் உங்க பாய்ல அவங்கள குப்புற படுக்க வச்சுடாதீங்க.