எட்டரை ஜிபி டிஸ்கில் ஒரு ஜிபி எங்கே போனது?

கேள்வி: ஐயா, யாழ். திருநெல்வேலியில் ஓர் அலுவலகத்தில் இருந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் மெயின்பிரேமை, அதாவது பெரிய நிறுவனக் கணினியை, பராமரிக்கிறோம். நான் வேலைக்குப் புதிது. ஒரே கணினியைப் பல கணினிகள்போல ஓட்டும் இசட்/விஎம் மென்பொருளின் கீழ் ஓடும் மூன்று லினக்ஸ் கெஸ்டுகளுக்கு (அப்படி ஓடும் கணினிகளுக்கு) 3390 மாடல் 9 என்ற வகை டிஸ்க் ஒன்றைச் சமமாகப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். டிஸ்க் 8.5 ஜிபி என்கிறார்கள். என் கணக்கில் 7.4 ஜிபிக்கு மேல் வரவில்லை. மீதி எங்கே? பிரிக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகி, கோண்டாவில்

பதில்: பிள்ளை, டிஸ்கில் பழுதில்லை, உம்முடைய கணக்கும் பிழையில்லை.

ட்ராக் என்பது டிஸ்கில் தரவு எழுதும் வட்டப் பாதை, பல ட்ராக்குகள் சேர்ந்தது சிலிண்டர். மாடல் 9இல் 10,017 சிலிண்டர்கள். சிலிண்டர் ஒன்றுக்கு 15 ட்ராக். ட்ராக் ஒன்றுக்கு 56,664 பைட் என்று கைநூலில் இருக்கும். அது ட்ராக் முழுவதையும் ஒரே ரெக்கோர்டாக எழுதினால் மட்டும்தான். லினக்ஸ் 4,096 பைட் பிளாக்குகளாக எழுதும்போது ட்ராக்கில் 12 பிளாக்தான் கொள்ளும். அதாவது 49,152 பைட். மிச்சம் 7,512 பைட், பிளாக்குகளுக்கு இடையே விடும் வெளிக்கும் அவற்றின் அடையாளக் குறிப்புகளுக்கும் போய்விடும். வெங்காயத்துக்குப் பாத்தி கட்டினால் வரம்புக்கும் வாய்க்காலுக்கும் கொஞ்ச நிலம் போகும்தானே, அப்படித்தான்.

ஆகவே ஜிபியை விட்டுவிட்டுச் சிலிண்டரில் யோசியும். ஒரு சிலிண்டர் என்றால் 180 பிளாக்.

சிலிண்டர் 0ஐ எவருக்கும் கொடுக்காதேயும். டிஸ்கின் பெயரே அங்கேதான் எழுதியிருக்கிறது. 1 முதல் 10,016 வரைதான் உமக்குப் பங்கிடக் கிடைப்பது. முதல் கெஸ்டுக்குத் தொடக்கம் 1, அளவு 3,338. இரண்டாவதற்குத் தொடக்கம் 3,339, அளவு அதே 3,338. மூன்றாவது 6,677இல் தொடங்கும். மிஞ்சும் 3,340ஐயும் அதற்கே கொடும். ஆளுக்கு ஏறக்குறைய 2.46 ஜிபி வரும். உண்மையைச் சொன்னால், இந்தக் காலத்து லினக்ஸுக்கு அது போதாது. கெஸ்டுக்கு ஒரு முழு டிஸ்க் தரமுடியுமா என்று உம்முடைய மேலாளரிடம் இப்போதே கேட்டுவிடும்.

இனி, நான் உண்மையில் சொல்ல விரும்புவது. டைரக்டரியில், அதாவது எந்தப் பயனருக்கு என்ன ஒதுக்கியிருக்கிறது என்று இசட்/விஎம் வைத்திருக்கும் பட்டியலில், டிஸ்க் பங்கைக் குறிக்கும் எம்டிஸ்க் வரியில் தொடக்க சிலிண்டருக்குப் பிறகு வரும் எண், எத்தனை சிலிண்டர் என்பது. எந்தச் சிலிண்டரில் முடிகிறது என்பதல்ல. இதில்தான் நான் ஒருமுறை பிழைவிட்டேன். கொழும்பில் வேலை செய்த காலம். ஒருவருடைய மினிடிஸ்க் (டிஸ்கில் அவருக்கு ஒதுக்கிய பங்கு) 1,501இல் தொடங்கி 500 சிலிண்டர். 2,000 வரை அவருடையது. அடுத்தவருக்கு 2,001 என்று போடவேண்டிய இடத்தில் 2,000 என்று போட்டேன். டைரக்டரியை நடைமுறைக்கு ஏற்றும் டைரக்ட்எக்ஸ்ஏ கட்டளை அதை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றிக்கொண்டது. புது டிஸ்க் ஃபோமற் ஆனது, ஆளும் வேலையைத் தொடங்கினார். முதலாமவரின் டிஸ்க் பாதிதான் நிரம்பியிருந்ததால் மூன்று கிழமை ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் அவருடைய தரவு கடைசிச் சிலிண்டர் வரை வந்தது. அடுத்தவரின் டிஸ்க் லேபிள் அந்தச் சிலிண்டரில்தான் இருந்தது. காலையில் அவர் வந்து பார்க்கிறார், தன் டிஸ்க்கைத் திறக்கவே முடியவில்லை. மூன்று கிழமை வேலை. பக்கத்து வளவுக்குள் ஒரு சாண் தள்ளிக் கதியால் நட்டால் அன்றைக்கே சண்டை வந்துவிடும், பிழையும் அன்றைக்கே தெரிந்துவிடும். இங்கே சத்தமே வராது. அவருடைய முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் டைரக்டரியை ஏற்றுமுன் டிஸ்க்மேப் கட்டளையை ஓட்டும். ஒவ்வொரு டிஸ்கிலும் யார் எங்கே தொடங்கி எங்கே முடிகிறார், எங்கே வெற்றிடம், எங்கே ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறது என்று ஒரு கோப்பில் எழுதித் தரும். பக்கப் எடுப்பதற்காக 0 முதல் முழு டிஸ்க்கையும் ஒரு பயனருக்குக் கொடுத்திருந்தால் அதுவும் ஏறியதாகவே காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மற்ற ஏறல்கள் எல்லாவற்றுக்கும் காரணம் தேடும்.

எம்டிஸ்க் வரியிலேயே வரும் அணுகல் முறையில் எம்ஆர் என்றே போடும். வேறொருவர் எழுதும் உரிமையோடு பிடித்திருந்தால் அது வாசிக்க மட்டும் விடும். எம்டபிள்யூ போட்டால் இரண்டு கெஸ்டுகள் ஒரே டிஸ்கில் ஒரே நேரத்தில் எழுதலாம். சாதாரண லினக்ஸ் கோப்பு முறைமை அதைத் தாங்காது.

அப்புறம், பேஜிங்குக்கும் (நினைவகத்தில் இடம் போதாதபோது தரவை வைக்க) ஸ்பூலுக்கும் (அச்சு போன்ற வேலைகளை வரிசையில் வைக்க) இசட்/விஎம் தனக்கென வைத்திருக்கும் டிஸ்குகளில் மிச்ச இடம் கிடக்கிறது என்று யாராவது காட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிடும். ஏற்றுமுன் உம்முடைய டிஸ்க்மேப்பை அலுவலகத்தில் இன்னொருவரிடமும் கொடுத்துப் பார்க்கச் சொல்லும்.